அகராதியும் கடலையும்

பெரிய பதவியினின்று விலகுகிறவர்களுக்கு வழியனுப்பு உபசாரம் செய்வது எந்தத் தேசத்திலும் உள்ள வழக்கம். நம் நாட்டில் அந்நிய ஆட்சி நடந்த காலத்தில் அது ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருந்தது. கவர்னர் புறப்படுகிறார் என்றால் ஜில்லாதோறும் உபசாரப் பத்திரம், அதை வைக்க வெள்ளிப் பேழை, பேழையின்மேல் யானைத்தலைச் சித்திரம், வாசிப்பதற்கு ஒரு வக்கீல். துரைசானியாருக்குத் தனியாக ஒரு சால்வை. பத்திரத்தில் எழுதியிருப்பதை எழுதினவரும் நம்பார், கேட்பவரும் நம்பார். மகாத்மா காந்தி மட்டும் இந்தப் பேழைகளுக்கு நேர்மையான உபயோகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1933-34-ல் ஹரிஜன யாத்திரை செய்தபோது, கொடுத்த மேடையிலேயே அவற்றை ஏலம் போட்டுப் பணமாக்கிக்கொண்டார்.

ஆகையால் ஞாபகார்த்தப் பொருள் என்றதும் நமக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டாவது இயற்கையே. கொடுப்பவன் யார், வாங்குபவன் யார், எதற்காகக் கைமாறுகிறது என்று கேட்கத் தோன்றும். பதவியிலிருப்பவரின் மனைவி இதில் அகப்பட்டுக்கொண்டால் விஷயம் இன்னும் நுட்பமாகிவிடுகிறது. அந்த அம்மையாரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சம்பளம் கிடையாது. ஆயினும் பதவியின் பாரத்தில் பாதி அவர் தலைமேல்தான். 1901-ல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோது நேட்டால் இந்தியர்கள் பிரிவுபசாரமாகக் கொடுத்த நகைகளுள் கஸ்தூரிபாவுக்கென்று ஐம்பது கினி பெறுமானமுள்ள பொன்மாலையும் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் சமூகத்துக்கே தர்ம சொத்தாக எழுதிவைத்துவிட வேண்டும் என்றார் கணவர். அம்மையார் இலேசில் இணங்கவில்லை. உங்கள் ஊழியத்தில் என் ஊழியமும் இல்லையா, இரவும் பகலும் நான் உழைத்ததற்குக் கணக்கு எங்கே என்ற பொருள்பட அவர் வாதாடினதைக் காந்தியடிகளே தமது சுயசரிதத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மாலை தர்மத்துக்குப் போயிற்று. போனது சரியே. ஆனால் அந்தக் கேள்விக்குக் கணவர் திருப்தியான விடை சொன்னாரென்று நாம் கருதவில்லை.

இன்று நாம் எழுதப் புகுந்தது அமெரிக்கா சம்பந்தமான வேறொரு கதை. அதில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஒரு வேடிக்கை அகராதியும், மரத்தால் செதுக்கிய ஒரு நிலக்கடலையுமே உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓர் அம்மையாரின் கடைசி யாத்திரை வருகிறது.

அந்த அம்மையார் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸனின் மனைவி. பெற்றோர் இட்ட பெயர் கிளாடியா ஆல்ட்டா டெய்லர். 1912 டிசம்பர் 22-ந் தேதி டெக்ஸாஸ் ராஜ்யத்தில் கார்னாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். குழந்தையாயிருக்கையில் தாதி ஒருத்தி செல்லமாகப் பொறிவண்டின் பெயரை வைத்தாள். அவ்வளவுதான், 'லேடி பேர்ட்' என்பதே சாகும்வரை நிலைத்துவிட்டது. டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழிலுக்குரிய பட்டமும் பெற்றவர். 1943-ல் ஆஸ்டின் நகரில் நொடித்துக்கிடந்த ஒரு ரேடியோ நிலையத்தை 17,500 டாலருக்கு வாங்கி, கணக்குப் புஸ்தகத்தைத் தாமே புரட்டி அதை லாபமுள்ளதாக்கினார். புருஷனுடைய பெருமையின் நிழலில் மட்டும் வாழ்ந்த ஸ்திரீ என்று அவரை யாரும் எண்ணிவிட வேண்டாம்.

1963 நவம்பர் 22-ந் தேதி ஜான் கென்னடி சுடப்பட்டு இறந்தார். ஜான்ஸன் ஜனாதிபதியானார். மறு வருஷம் ஜூலை 2-ந் தேதி, ஹோட்டலிலும் சினிமாக் கொட்டகையிலும் உத்தியோகத்திலும் நிறபேதம் பாராட்டலாகாது என்ற குடி உரிமைச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். தென் ராஜ்யங்களில் வெள்ளையர் சீறினார்கள். நூறு வருஷமாக ஜனநாயகக் கட்சிக்கே வோட்டுப் போட்டுவந்த பிரதேசம் அது. நவம்பரில் தேர்தல். ஜனாதிபதி அங்கே நேரில் போனால் நெருப்பில் நெய் வார்த்ததாகும் என்று ஆலோசகர்கள் அஞ்சினர். போகாவிட்டாலோ அந்த நாட்டைக் கைகழுவிவிட்டதாகும். அப்போது அவர் மனைவி, "நான் போகிறேன்" என்று முன்வந்தார். அவருடைய தாய் தந்தையரின் பூர்வீகம் அலபாமா. சிறு வயதில் கோடைகளை அங்கே கழித்தவர். அந்த ஜனங்களின் பேச்சும் சாப்பாடும் அவருக்குச் சொந்தம்.

பத்தொன்பது வண்டிகள் கோத்த ரயில் ஒன்று ஏற்பாடாயிற்று. 1964 அக்டோபர் 6-ந் தேதி வாஷிங்டனுக்கு அடுத்த அலெக்ஸாண்டிரியாவில் புறப்பட்டு, 9-ந் தேதி நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தது. நான்கு நாள், எட்டு ராஜ்யங்கள், ஆயிரத்து அறுநூறு மைலுக்கு மேல், வழியில் 47 பிரசங்கங்கள். ஜனாதிபதியின் மனைவி ஒருவர் கணவர் உடனில்லாமல் தாமே தலைமை வகித்து இவ்வாறு தேர்தல் யாத்திரை செய்தது அதற்குமுன் நடவாத காரியம். சுலபமான ஊர்களைக் கொடுக்காதீர்கள், கஷ்டமான ஊர்களையே எனக்குக் கொடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். ஸெனட்டர்களையும் கவர்னர்களையும் தாமே டெலிபோனில் கூப்பிட்டு, "உங்கள் ராஜ்யத்துக்கு வருகிறேன், உங்களுடைய யோசனை என்ன?" என்று விநயமாக விசாரித்தார். பெண்பிள்ளையைப் பார்த்து வரவேண்டாம் என்று சொல்வது தென்னாட்டுச் சம்பிரதாயத்தில் இல்லை. ஆதலால் பலர் அசௌகரியங்களைக் கண்டுபிடிக்க நேர்ந்தது. ஒரு கனவானுக்கு அந்தச் சமயம் பார்த்து வேட்டைக்குப் போக வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பிரமுகர்கள் கண் வலி, தலைவலி என்று சொல்வார்கள். மான் வேட்டை நமக்குத் தோன்றவில்லை.

இந்த ரயிலில்தான் அந்த அகராதி பிறந்தது. அம்மையாரின் பத்திரிகைக் காரியதரிசி எலிசபெத் கார்ப்பென்ட்டர் என்னும் லிஸ் கார்ப்பென்ட்டர். டெக்ஸாஸ்காரி. நெடுநாள் நிருபராக இருந்தவர். கென்னடி மாண்ட அன்று இரவு, விமானத்திலிருந்து இறங்கிய புதிய ஜனாதிபதி உலகத்துக்குச் சொன்ன ஐம்பத்தெட்டு வார்த்தைகளை எழுதிக் கொடுத்தவரும் இவரே. துக்கத்தில் அளவாக எழுதத் தெரிந்த அந்தக் கை, சிரிப்பில் சிறிதும் சிக்கனம் காட்டவில்லை. ரயிலில் ஏறின நிருபர்களில் பலர் வடநாட்டார். தென்னாட்டுப் பேச்சு அவர்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆகவே தென்னாட்டுக் கொச்சை வழக்குகளுக்கு அர்த்தம் சொல்லுவதாகப் பாவனை செய்து, ஒவ்வோர் அர்த்தத்திலும் எதிர்க்கட்சியை ஒரு குத்துக் குத்தி, 'டிக்ஸி அகராதி' என்ற பெயரில் சில தாள்களை அச்சடித்து அவர்கள் கையில் கொடுத்தார். 'டிக்ஸி' என்பது தென் ராஜ்யங்களுக்குள்ள செல்லப் பெயர். நிருபர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். பிரசங்கங்கள் மறந்த பிறகும் அகராதி ஞாபகத்தில் நின்றது.

இதை அற்ப விஷயமென்று தள்ளுவோருக்கு நாம் ஒன்று சொல்லுவோம். மொழியைக் கேலி செய்வது அரசியலில் அபாயமான ஆயுதம். வடநாட்டான் தென்னாட்டானுடைய உச்சரிப்பைக் கேலி செய்தால் அது அவமானம். அதனால் ஒரு வோட்டு அல்ல, ஒரு ஜில்லாவே போய்விடும். தென்னாட்டுக்காரியே தன் பேச்சைத் தானே எடுத்துவைத்து நகைத்தால் அதன் பொருள் வேறு. "நாங்கள் பேசுகிற விதம் உங்களுக்கு விநோதமாயிருக்கிறது, எங்களுக்கும் அது தெரியும், அதனால் எங்களை மூடர் என்று எழுதிவிடாதீர்கள்" என்று நிருபரின் பேனாவை முன்கூட்டியே மடக்கும் உபாயம் அது. நிருபருடைய கோபத்தை வெல்லுவதைவிட அவருடைய அலட்சியத்தை வெல்லுவதே கடினம் என்பதைப் பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்த அந்த அம்மாள் நன்றாக அறிந்திருந்தார். திருநெல்வேலிப் பேச்சுக்குச் சென்னைக்காரர் அகராதி எழுதினால் என்ன நடக்கும், திருநெல்வேலிக்காரரே எழுதினால் என்ன நடக்கும் என்று நேயர்கள் யோசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆயினும் அந்த அகராதியில் இடம் பெறாத பொருள் ஒன்று உண்டு. ஸ்டேஷன் பிளாட்பாரங்களில் நின்ற கூட்டத்தில் கறுப்பு ஜனங்களும் இருந்தார்கள். அவர்களில் கணக்கற்றவர்களுக்கு வோட்டு என்ற சொல்லின் அர்த்தம் தெரியும், அனுபவம் தெரியாது. ஜாபிதாவில் பெயர் பதியப் போனவர்களை எழுத்துப் பரீட்சையென்றும் தலைவரியென்றும் சொல்லித் திருப்பியனுப்பிக்கொண்டிருந்த காலம். அந்தத் தடைகளை உடைத்த வோட்டுரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டு 6-ந் தேதிதான் வந்தது. சிரிப்பு வண்டிக்குள் இருந்தவர்களுக்கு. வண்டிக்கு வெளியே இருந்தவர்களுக்கு வேறு கவலைகள்.

வெளியே இருந்த வேறு சிலரோ விஷமாகவே இருந்தார்கள். தென் கரோலினாவில் கொலம்பியாவிலும் சார்ல்ஸ்டனிலும் கூச்சல்காரர்கள் அவரைப் பேசவொட்டாமல் அடித்தார்கள். அவருடைய செல்லப் பெயரைக் கறுப்புப் பறவை என்று திரித்து, வீட்டுக்குப் போ என்று அட்டைகளில் எழுதிப் பிடித்தார்கள். ஸ்திரீகளிடம் மரியாதையில் தங்களுக்கு நிகரில்லை என்று மார்தட்டும் பிரதேசம் அது! அம்மையார் கையை உயர்த்தி, இது பல அபிப்பிராயங்களுள்ள தேசம், உங்கள் அபிப்பிராயத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், இப்பொழுது என் முறை என்ற கருத்துப்பட நிதானமாகச் சொன்னார். குரல் உயரவில்லை. ரயிலைக் குண்டு வைத்துத் தகர்ப்பதாக மிரட்டல் வந்தமையால், தண்டவாளத்தைச் சோதிப்பதற்காக முன்னால் ஓர் எஞ்ஜின் தனியே ஓடிற்று. அதன் பின்னால் மகள்மாரும், சமையற்காரரும், நிருபரும், அந்த வேடிக்கை அகராதியும்.

பலன் என்ன? நவம்பர் 3-ந் தேதி ஜான்ஸன் 44 ராஜ்யங்களில் ஜயித்தார். எதிரி கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை ஆறு. ஆனால் ரயில் போன எட்டு ராஜ்யங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. வர்ஜீனியா, வட கரோலினா, புளோரிடா ஆகிய மூன்றே அவருக்குக் கிடைத்தன. தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிஸ்ஸிஸிப்பி, லூயிஸியானா ஐந்தும் கைவிட்டன. எதிரிக்குக் கிடைத்த ஆறில் ஐந்து அம்மையார் ரயிலேறிப்போய்ப் பேசின ராஜ்யங்களே. இதைத் தோல்வி என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். ஐந்து ராஜ்யங்கள் போகும் என்று தெரிந்தே போய், போகப்போகிறவர்களிடமும் முகத்தைக் காட்டிவிட்டு வந்த காரியத்தை நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். தேர்தலில் வோட்டுக் கேட்கப் போகிறவர்கள் நம் பக்கத்தில், நிச்சயமாகக் கிடைக்கும் தெருவிலேயே நான்கு தடவை சுற்றுகிறார்கள்.

அதன்பின் நான்கு வருஷங்கள் எப்படிப் போயின என்பது உலகமறிந்தது. வியத்நாம் யுத்தம் ஜான்ஸனை விழுங்கிற்று. 1968 மார்ச் 31-ந் தேதி, மறுபடி தாம் அபேட்சகராக நிற்கப்போவதில்லை என்று அவர் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் அறிவித்தார். நவம்பரில் நிக்ஸன் வென்றார். வெள்ளை மாளிகையில் மூட்டை கட்டும் வேலை ஆரம்பித்தது. வழக்கமாக அந்தச் சமயத்தில் அதிகாரம் போகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். வெளியே வந்தால் வாழ்த்துகிறவர்கள் புதியவரை வாழ்த்தப் போய்விட்டிருப்பார்கள். லேடி பேர்ட் அம்மையார் அந்த மாதமே, நிருபர்களை உடனழைத்துக்கொண்டு, தேசத்தின் குறுக்கே தமது கடைசிச் சுற்றுப்பிரயாணத்துக்குப் புறப்பட்டார். கேட்க வோட்டு இல்லை, கொடுக்கப் பதவி இல்லை. அத்தகைய யாத்திரையில்தான் ஒருவருடைய இயல்பு நன்றாகத் தெரியும்.

1968 நவம்பர் 25-ந் தேதி அவர் கலிபோர்னியாவின் வடகோடியில், ஆரிக் என்ற மரத்தொழில் கிராமத்துக்கு மேலே உள்ள காட்டில் நின்றார். ரெட்வுட் தேசிய வனத்தைப் பிரதிஷ்டை செய்யும் வைபவம். ரெட்வுட் என்பதைச் செம்மரம் என்று மொழிபெயர்த்தால் நம் கடப்பை ஜில்லாச் செஞ்சந்தனம் என்று மயக்கம் உண்டாகும். அது வேறு, இது வேறு. பசிபிக் சமுத்திரத்து மூடுபனியைக் குடித்து வளருகிற ஊசியிலை விருட்சம் இது. முந்நூற்றைம்பது அடிக்கு மேலும் ஓங்குகிறது. சில மரங்களுக்கு வயது இரண்டாயிரத்தைத் தாண்டும். உலகத்தில் இப்போது நிற்கிற மரங்களில் உயரமானது இந்த வனத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் கடற்கரையோரம் இருபது லட்சம் ஏக்கர் பரந்திருந்த பழங்காட்டில் இன்று மிச்சம் நூற்றுக்கு ஐந்து பங்கு. மீதி வீடாகவும் வேலியாகவும் திராட்சைத் தோட்டத்துக் கம்பமாகவும் போய்விட்டது. மிஞ்சினதில் ஒரு பகுதியையாவது காப்பாற்ற வேண்டுமென்று பல்லாண்டு கிளர்ச்சி நடந்து, 1968 அக்டோபர் 2-ந் தேதி ஜான்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தால் 58,000 ஏக்கர் தேசிய வனமாயிற்று. அம்மையார் நின்ற தோப்புக்கு மறு வருஷம் அவர் பெயரையே வைத்தார்கள். வைத்தவர் எதிர்க்கட்சி ஜனாதிபதியான நிக்ஸன். அந்த நாகரிகத்தை நாம் குறிப்பிடாமல் விட முடியாது.

அம்மையார் தம்முடைய காலமெல்லாம் சாலையோரத்துப் பூச்செடிக்கும், விளம்பரப் பலகைகளை ஒழிப்பதற்கும் பாடுபட்டவர். இதற்காகப் பட்ட கேலி கொஞ்சமல்ல. 1965-ல் நெடுஞ்சாலை அழகு மசோதா பிரதிநிதி சபையில் விவாதத்துக்கு வந்தபோது, கான்ஸாஸ் பிரதிநிதி ராபர்ட் டோல், மசோதாவில் 'வர்த்தக மந்திரி' என்று வருகிற இடத்தில் 'லேடி பேர்ட்' என்று திருத்தவேண்டுமென்று பிரேரணை கொண்டுவந்தார். சபை சிரித்தது, பிரேரணை தோற்றது, மசோதா சட்டமாயிற்று. அம்மையார் தாமும் 'அழகுபடுத்தல்' என்ற அந்த வார்த்தையை வெறுத்தவரே. பொம்மைக்கு மை தீட்டுவதுபோல் அது ஒலிக்கிறது என்பது அவர் எண்ணம் போலும். நீர், மண், மரம், நகரத்து ஏழைகளின் தெரு எல்லாம் ஒரே விஷயம் என்பது அவர் கொள்கை. ஆனால் பத்திரிகைகளுக்கு வேறு வார்த்தை அகப்படவில்லை. அகராதி போட்டு நிருபர்களைச் சிரிக்கவைத்த அலுவலகத்துக்குத் தன் காரியத்துக்கே ஒரு நல்ல சொல் அகப்படாமற்போனது கஷ்டந்தான்.

இதுவரை நாம் எழுதினதில் ஒரு தரப்பாரே பேசியிருக்கிறார்கள். ஆரிக் கிராமத்தில் அன்று வேறொரு தரப்பும் இருந்தது. மரம் வெட்டுகிறவன், லாரி ஓட்டுகிறவன், அறுவை மில்லில் பலகை அடுக்குகிறவன். அவனுக்கு அந்த விருட்சம் கோவில் அல்ல, வெள்ளிக்கிழமைச் சம்பளம். வாஷிங்டனிலிருந்து வந்தவர்கள் பிரதிஷ்டை செய்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். காட்டின் விளிம்பில், எல்லைக்கோட்டுக்கு வெளியே, வாள் ஓய்ந்தபாடில்லை. மலைச்சரிவில் மரங்களை மொட்டையடித்ததால் மண் இறங்கி, ரெட்வுட் சிற்றாற்றின் கரையிலுள்ள காக்கப்பட்ட மரங்களையே வேரோடு சாய்க்கும் நிலை வந்தது. ஆகவே வனத்தை விஸ்தரிக்க வேண்டுமென்ற இரண்டாம் கிளர்ச்சி எழுந்தது. அதை ஆதரித்தவர் 1977 ஜனவரியில் பதவியேற்ற ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியா ராஜ்யத்தில் நிலக்கடலை பயிரிட்டவர்.

மரத்தொழிலாளர் கூட்டம் கூடி, மனுப் போட்டு, பயனில்லை என்று கண்டபிறகு ஒரு விகடத்தில் இறங்கினார்கள். ஒரு பெரிய ரெட்வுட் கட்டையை எடுத்து நிலக்கடலை ரூபமாகச் செதுக்கினார்கள். எடை ஒன்பது டன் என்பார்கள். அதை லாரியில் ஏற்றி, மற்ற லாரிகள் வரிசையாகப் பின்தொடர, 1977 மே மாதத்தில் ஒரு சமுத்திரக் கரையிலிருந்து மறு சமுத்திரக் கரைவரை சுமார் மூவாயிரம் மைல் ஓட்டிக்கொண்டு வாஷிங்டன் போனார்கள். அமெரிக்க வழக்கில் 'கடலை' என்றால் அற்பக் காசு என்றும் பொருள். உமக்கு இது அற்பக் காசு, எங்களுக்கு இது பிழைப்பு என்பதே அவர்கள் தாங்கிப்போன செய்தி. ஜனாதிபதிக்கு அதைச் சன்மானமாகக் கொடுக்க விரும்பினார்கள். வெள்ளை மாளிகை வாங்க மறுத்துவிட்டது. கடலை வந்த வழியே திரும்பிற்று.

நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். கார்ட்டர் அந்தக் கடலையை வாங்கியிருக்க வேண்டும். வனத்தை விஸ்தரித்தது நியாயமே. சரிவை மொட்டையடித்துக்கொண்டே ஆற்றங்கரையைக் காப்பாற்ற எவராலும் ஆகாது. இரண்டாயிரம் வருஷத்து மரத்தைக் கோமாளிப் பண்டமாக்கியது அலங்கோலம் என்பாரும் உண்டு. அந்த வாதத்தை நாம் முற்றும் மறுக்கவில்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. அரசாங்கம் தன் அகராதியை அச்சடித்து ஜனங்களைச் சிரிக்கச் சொல்லும்போது ஜனங்கள் சிரிக்கிறார்கள். ஜனங்கள் தங்கள் விகடத்தை எடுத்துக்கொண்டு மூவாயிரம் மைல் வந்து கதவைத் தட்டும்போது அரசாங்கத்துக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? பேழையும் பொன்மாலையும் வாங்குவதற்கு யோசிக்க வேண்டியது அவசியம், அவற்றில் விலை இருக்கிறது. கேலிப் பொருளில் விலை இல்லை. அதை வாங்குகிறவன் கடன்படுகிறதில்லை. கொடுத்தவனுடைய வார்த்தையைக் கேட்டுக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ளுகிறான், அவ்வளவே. கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் தன் கடமைப்படி எதிராகவே கையெழுத்திட அவனுக்குத் தடை ஏது? சார்ல்ஸ்டனில் கறுப்புப் பறவையென்று அட்டை பிடித்தவர்களுக்கு முன்னால், அவமானத்தை நின்று வாங்கிக்கொண்டு தம் முறை வந்தபோது பேசின அம்மையாருக்கு இந்த விவகாரம் வந்திருந்தால், கடலையைத் தோட்டத்தில் ஓரிடத்தில் இறக்கச் சொல்லிவிட்டு லாரிக்காரர்களுக்குக் காப்பி கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறோம். இது ஊகம். ஊகம் செய்வதற்குப் பத்திராதிபர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

பகடிக்கும் பகைக்கும் உள்ள தூரத்தையும் இங்கே நாம் மறந்துவிடலாகாது. சார்ல்ஸ்டனில் கேட்ட கூச்சல் விகடமன்று. ஒரு மனிதனுடைய நிறத்தை வசவாக்கி இன்னொரு மனுஷியின் மேல் எறிகிற காரியம் அது. கடலையில் யாருடைய பிறப்பையும் யாரும் இகழவில்லை. ஜனாதிபதியின் தொழிலையே எடுத்து, எங்கள் தொழிலையும் பார் என்று காட்டினார்கள். டோல் சபையில் கொண்டுவந்த பிரேரணையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதைக் கேட்டு அம்மையாரின் கட்சியார் கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தால் மசோதா நின்றிருக்கும். இன்று நம் சட்டசபைகளில் யாரையேனும் ஒரு வார்த்தை பரிகாசம் செய்தால் உடனே மான நஷ்ட நோட்டீஸும், ஊர்வலமும், கொடும்பாவியும் கிளம்புகின்றன. அதே வாரத்தில் எவனாவது ஜாதியைச் சொல்லி வைதால், வாய் தவறி வந்துவிட்டதென்று சமாதானமும் கிளம்புகிறது. எதைப் பொறுக்க வேண்டுமோ அதைப் பொறுக்காமல், எதைப் பொறுக்கலாகாதோ அதைப் பொறுக்கிறோம்.

1978 மார்ச் 27-ந் தேதி கார்ட்டர் விஸ்தரிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மேலும் 48,000 ஏக்கர் வனத்துடன் சேர்ந்தது. வேலை போனவர்களுக்கு வருமானமும் புதுத் தொழிற் பயிற்சியும் அளிக்கும் பிரிவு ஒன்றும் அதே சட்டத்தில் இருந்தது. காடு காப்பாற்றப்படுகிறபோது காட்டில் பிழைத்தவனுக்கும் சட்டத்திலேயே ஒரு வரி எழுதுவது அந்நாளில் எளிதில் நடக்கும் காரியமன்று. கடலையை மறுத்தவர்கள் அதன் செய்தியில் பாதியை எப்படியோ வாங்கிக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பணம் எல்லோருக்கும் போதியதாயிற்று என்று ஆரிக்கில் யாரும் சொல்லமாட்டார்கள். மில்கள் ஒவ்வொன்றாய் மூடின. ஊர் சுருங்கிற்று.

லேடி பேர்ட் அம்மையார் 2007 ஜூலை 11-ந் தேதி, தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். லிஸ் கார்ப்பென்ட்டர் 2010-ல் மறைந்தார். வாஷிங்டனிலிருந்து திரும்பிய மரக்கடலை ஆரிக்கில் நெடுஞ்சாலை ஓரத்தில் பல வருஷங்கள் வெயிலிலும் பனியிலும் கிடந்தது. அம்மையார் பெயரிட்ட தோப்பைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் அந்த வழியாகப் போவார்கள். சிலர் மோட்டாரை நிறுத்தி அதனெதிரில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த பழைய அறுவை மில் இருந்த 125 ஏக்கர் நிலத்தை, வெள்ளையர் வருவதற்கு முன்னிருந்தே அந்த ஆற்றங்கரைக்கு உடையவர்களான யூரோக் ஜாதியாருக்குத் திருப்பிக் கொடுப்பதென்று 2024 மார்ச்சில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1968-ல் பிரதிஷ்டை நடந்தபோதும் 1977-ல் லாரிகள் கிளம்பினபோதும் இந்தக் காடு யாருடையது என்ற சண்டையில் அவர்களுடைய பெயர் அதிகமாக அடிபட்டதில்லை.